சாகாதவனின் துயரம்: ரத்தக்காட்டேரிக் கதைகளில் அது எப்போது வாசகரைத் தொடுகிறது?

வைகறை:
ரத்தக்காட்டேரிக் கதைகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. இருட்டில் ஜன்னலோரம் நிற்கிறான், முந்நூறு வருடம் வாழ்ந்து சலித்துவிட்டது என்கிறான், நேசித்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்கிறான். படிக்கிறவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே துயரம் வேறு சில கதைகளில் புத்தகத்தை மூடிய பிறகும் நம்மை விடுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன வேறுபாடு என்று பேசலாமா?

வசதிக்காக ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். 1720இல், 28 வயதில் காட்டேரியாக மாறியவன். இன்றும் அதே முகம். குறுநாவல், சுமார் 25,000 வார்த்தைகள். இவன் துயரத்தை எங்கிருந்து தொடங்குவது, உடலுக்கு என்ன விதிகள் வைப்பது, எங்கே சறுக்கும்? "மனசைத் தொட்டு எழுதுங்கள்" என்ற அளவில் நிற்காமல் கையில் பிடிக்கிற மாதிரி சொல்லுங்கள்.

மரகதம்:
இந்தத் துயரம் ரத்தக்காட்டேரியோடு கூடப் பிறந்தது கிடையாது. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். 1725இல் செர்பியாவின் கிசிலோவா கிராமத்தில் பீட்டர் பிளாகொயெவிச் என்பவரைப் புதைத்துச் சுமார் பத்து வாரம் கழித்து ஊரில் வரிசையாக ஆட்கள் இறந்தார்கள். ஆஸ்திரிய அதிகாரி ஒருவர் அதைப் பற்றி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை அச்சில் கிடைக்கிறது. இறந்தவர் மனைவியிடம் வந்து கேட்டது தன் செருப்பை! ஊரார் குழியைத் தோண்டினார்கள், நெஞ்சில் கழுவைப் பாய்ச்சினார்கள், எரித்தார்கள், முடிந்தது. நாட்டார் நம்பிக்கையில் வருகிற காட்டேரிக்குப் பெரும்பாலும் நீண்ட ஆயுள் கிடையாது. சலித்துக்கொள்ள அதற்கு நேரமே இல்லை.

துயரம் நுழைந்தது கவிதை வழியாக. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1813இல் எழுதிய நெடுங்கவிதை ஒன்றில் இப்படி ஒரு சாபம் வருகிறது: நீ உன் வீட்டுக்கே திரும்பிப் போய் மகள், சகோதரி, மனைவி ஆகியோரின் ரத்தத்தைக் குடிப்பாய், குடிக்கும்போதே அந்த உணவை அருவருப்பாய். ஆனால் 1819இல் பொலிடோரி தன் கதையில் படைத்த காட்டேரி ரூத்வன் பிரபுவுக்கு வருத்தம் என்பதே தெரியாது. தன் நிலையைத் தானே வெறுக்கிறவன் முழுதாக உருவெடுப்பது 1845 முதல் 1847 வரை லண்டனில் மலிவுத் தொடராக வந்த, வார்னி என்ற காட்டேரியின் கதையில். கடைசியில் அவன் வெசூவியஸ் எரிமலைக்குள் குதித்துச் சாகிறான்.

ஏன் எரிமலை என்று கேளுங்கள். அந்தக் கதையில் நிலவொளி பட்டால் பிணம் எழுந்துவிடும். சுட்டாலும் எழுவான், நீரில் மூழ்கினாலும் கரை ஒதுங்கி எழுவான். ஆகவே உடலே மிஞ்சாத ஓரிடம் அவனுக்குத் தேவைப்படுகிறது. அவன் அவநம்பிக்கை அந்த உடலின் விதியிலிருந்து நேராக வருகிறது, ஆசிரியர் ஒட்டவைத்த சோகமாகத் தெரிவதில்லை. ஜன்னலோரக் காட்சி தோற்பது இதனால்தான். அந்தச் சோகத்தை எந்த விதியோடும் கட்டியிருக்க மாட்டார்கள். எழுபது வயது மனிதர் ஒருவர் அதே வசனத்தைச் சொன்னாலும் பொருந்திவிடும். முதலில் விதியை வையுங்கள். அந்த விதி என்னென்ன இழப்புகளைக் கொண்டுவருகிறது என்று பாருங்கள். வசனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எண்சுவடி:
மரகதம் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பேனா எடுக்கும் முன்பே ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்வது நல்லது.

ஓரூரில் எத்தனை வருடம் தங்கலாம்? 28 வயது முகத்தை 40 என்று சொல்லி ஏமாற்றலாம், அதற்கு மேல் முடியாது. ஆக 12 வருடம். 300 வருடத்தில் 25 ஊர்கள், 25 பெயர்கள். இதற்கு ஒரு விளைவு உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. நேசித்தவர்கள் எல்லோரும் தன் கண்முன்னே சாகப் பார்த்தேன் என்று காட்டேரி புலம்பினால் அது பொய். அவர்கள் சாகும்போது அவன் அங்கே இருக்கவே முடியாது. பாதி உறவுகளில் அவன்தான் சொல்லாமல் போனவன், அவர்கள்தான் தேடியவர்கள். சாவுச் செய்தி ஒன்று வராமலே போகும், இல்லை முப்பது வருடம் கழித்து யார் வாயிலிருந்தோ தற்செயலாக வந்துசேரும். பிரிவாற்றாமையோடு குற்றவுணர்வும் சேரும் இடம் இது. பெரும்பாலான கதைகள் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்தது உணவு. இரவுக்கு ஓர் உயிர் என்றால் 300 வருடத்தில் 1,09,500 பேர். வாரத்துக்கு ஒன்று என்றால் 15,600. இத்தனை பேரைக் கொன்றவன் போன நூற்றாண்டுக் காதலியை நினைத்துக் கண்ணீர் விட்டால் வாசகர் அவன் பக்கம் நிற்க மாட்டார். கொல்லாமல் குடிக்கிறவன் என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. வளர்ந்த மனித உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். ரத்த தானத்தில் ஒரு தடவைக்கு 350 முதல் 450 மில்லிலிட்டர் எடுப்பார்கள், அடுத்த தானத்துக்கு மூன்று மாதம் விடுவது பாதுகாப்பான கணக்கு. இவனுக்கு வாரம் 400 மில்லி போதும் என்று வைத்தாலும் 13 பேர் வேண்டும். 13 பேரும் ரகசியம் காக்க வேண்டும். ஊர் மாறும்போதெல்லாம் புதிதாக 13 பேர். அவன் தனிமையின் வடிவமே மாறிவிடுகிறது பாருங்கள். எப்போதும் ஆட்கள் சூழ இருக்கிறான், எல்லோரையும் அவன் நம்பித்தான் ஆக வேண்டும், ஒருவரையும் சமமாக நடத்த முடியாது.

மூன்றாவது பெருக்கம். கடிபட்டவர் எல்லோரும் காட்டேரி ஆவார் என்று விதி வைத்து, ஒவ்வொருவரும் மாதம் ஒருவரைக் கடித்தால் எண்ணிக்கை மாதாமாதம் இரட்டிக்கும். 33ஆவது மாதத்தில் 859 கோடி. மூன்று வருடத்துக்குள் உலகில் மனிதரே மிஞ்ச மாட்டார்கள். அதனால்தான் மாற்றுவது கடினம், அரிது, ஆபத்து என்று கதைகள் வைக்கின்றன. மாற்றுவது அரிது என்றால் துணை கிடைப்பதும் அரிது. தனிமை வெறும் மனநிலை இல்லை, இந்தக் கணக்கே அதைக் கொண்டுவருகிறது.

தாழை:
எண்சுவடியின் 12 வருடக் கணக்கு சரி. ஆனால் 1720 என்ற வருடத்தை அது விட்டுவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் 12 வருடத்துக்குள்ளேயே ஏராளமானோர் செத்துப்போவார்கள். பெரியம்மைக்கு ஜென்னர் தடுப்பூசி கண்டது 1796இல். பெனிசிலின் கண்டுபிடிப்பு 1928, பரவலான பயன்பாடு 1940களில்தான். குழந்தைகளைப் புதைக்காத வீடே அரிதாக இருந்த காலம் அது. ஆகவே முதல் நூறு வருடம் இவன் துக்கம் ஊரார் துக்கத்திலிருந்து வேறாகத் தெரியவே செய்யாது. பக்கத்து வீட்டுக் கிழவியும் அவனளவுக்கு இழந்திருப்பாள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அழலாம்.

அவன் துக்கம் விசித்திரமாவது எல்லோரும் நீண்டநாள் வாழத் தொடங்கிய பிறகு. மருத்துவம் வளர வளர, சாவைப் பக்கத்தில் பார்த்தே பழகாத மனிதர்கள் நடுவில் இவன் மட்டும் அதில் ஊறியவன். 1750இல் கிடைத்த ஆறுதல் இன்று அவனுக்குக் கிடைக்காது. துயரம் காலத்தோடு கூடிக்கொண்டே போக வேண்டும் என்று வைகறை நினைத்திருந்தால், அதன் தன்மையே எந்த வருடத்தில் மாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வைகறை:
அப்படியானால் "இனி நான் மனிதன் இல்லை" என்று அவன் உணர்கிற புள்ளி எங்கே வரும்? மாறிய இரவிலா?

தாழை:
மாறிய இரவில் வராது. 1770 வரை அவன் வெறுமனே நன்றாக முகம் காத்த ஒரு 78 வயது ஆள். அவன் தலைமுறைக்காரர் ஒருசிலர் உயிரோடு இருப்பார்கள். அந்தப் புள்ளி, அவனை மனிதனாகப் பார்த்த கடைசி ஆள் இறக்கும் நாள். 1720இல் 5 வயதான தங்கை மகள் ஒருத்தி இருந்து, 85 வயது வரை வாழ்ந்தால், அது 1800. பகலில் அவன் தோளில் உட்கார்ந்து ஊர்வலம் பார்த்தவள். அவள் போன பிறகு, அவனுக்கு ஒருகாலத்தில் வெயிலில் நிழல் விழுந்தது என்பதற்குச் சாட்சி கிடையாது. அந்த வருடத்தைக் கதையின் நடுவில் வையுங்கள். அவள் பெயர் ஐந்தாவது பக்கத்திலேயே வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் வரும் சாவு வெறும் தகவலாகப் போய்விடும்.

வம்சத்தைக் காக்கும் காட்டேரி என்ற யோசனை வந்தால் கவனமாக இருங்கள். தலைமுறைக்கு 30 வருடம் என்றால் 300 வருடத்தில் 10 தலைமுறை. பத்தாவது தலைமுறைப் பிள்ளையிடம் அவன் பங்கு 1024இல் ஒன்று. தெருவில் போகிற யாரோடும் அவ்வளவு உறவு இருக்கலாம். தன் மூக்கைத் தேடி அந்தக் குழந்தையின் முகத்தை அவன் பார்ப்பதும், அது அங்கே இல்லாததும் நல்ல காட்சி ஆகும். "என் ரத்தம்" என்று உருகினால் ஆகாது.

கார்த்திகை:
எல்லோரும் இழப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். உடலைப் பற்றிப் பேசுவோம். ஆன் ரைஸ் 1976இல் வெளியிட்ட நாவலில் கிளாடியா என்ற சிறுமி காட்டேரியாக மாறும்போது ஐந்து வயது. மனம் அறுபதைத் தாண்டி வளர்கிறது, கைகள் வளர்வதில்லை. இந்தத் துறையிலேயே மிக வலுவான உருவாக்கம் இதுதான் என்பேன். அவளால் தனியாக ஓர் அறை வாடகைக்கு எடுக்க முடியாது. இரவில் தனியே நடந்தால் யாராவது நிறுத்தி அம்மா எங்கே என்று கேட்பார்கள். தன்னை உருவாக்கியவர்களை வெறுத்தாலும் அவர்களோடு ஒட்டிக்கொண்டே இருந்தாக வேண்டும். தனக்கு ஒரு தாயை உண்டாக்கித் தரச் சொல்லி அவள் தன்னை உருவாக்கியவர்களில் ஒருவனான லூயியை வற்புறுத்துவது இதனால்தான். அந்த நாவலை வைத்து எடுத்த 1994 படத்தில் அவள் முடியை வெட்டி எறிகிறாள், அது உடனே பழைய நீளத்துக்கு வளர்ந்துவிடுகிறது. அவள் அலறுகிறாள். நித்தியத்தைப் பற்றி ஒரு வரிகூடப் பேசத் தேவையில்லாத காட்சி.

ஸ்வீடன் நாட்டு லிண்ட்க்விஸ்ட் 2004இல் எழுதிய நாவலில் எலி என்ற பெயருள்ள காட்டேரிக்கும் வயது பன்னிரண்டு, வெகுகாலமாக. அங்கே வயது வேறொருவர் மேல் தெரிகிறது. எலிக்காக ரத்தம் தேடி அலையும் ஹோகன் இளைஞன் இல்லை, கை தடுமாறுகிறது, வேலை கெடுகிறது. சாகாதவரின் காலத்தைப் பக்கத்தில் இருப்பவரின் உடலில் காட்டும் உத்தி இது. வைகறையின் கதைக்கும் பொருந்தும். காட்டேரியின் முகத்தில் எதையும் காட்ட முடியாது, ஏனென்றால் அது மாறாது. அவன் பணியாளின் நகத்தில், பார்வையில், படியேறும் மூச்சில் வருடங்களைக் காட்டுங்கள்.

இதற்கு நேரெதிர் விதியும் இருக்கிறது. 1983இல் வந்த டோனி ஸ்காட்டின் படத்தில் மிரியம் என்ற காட்டேரி தன் காதலர்களுக்கு நீண்ட ஆயுளைத் தருகிறாள், ஆனால் இளமை ஒருநாள் சட்டென்று கைவிடுகிறது. சில மணி நேரத்தில் கிழடாகிறார்கள். சாவதும் இல்லை. பெட்டிகளில் அடைத்து மேல்மாடத்தில் வைக்கிறாள், உள்ளே உணர்வோடு கிடக்கிறார்கள். கிரேக்கத்தின் தித்தோனஸ் கதைதான் இது. விடியலின் தேவதை அவனுக்குச் சாகாவரம் கேட்டாள், இளமையைக் கேட்க மறந்தாள், கடைசியில் ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

நெடுவழி:
சலிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. தத்துவத்தில் இந்த விவாதமே அதிலிருந்துதான் தொடங்குகிறது. காரெல் சாபெக்கின் 1922 நாடகத்தில் மருந்தால் முந்நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்த எலினா மக்ரோபுலோஸ் எதிலும் சுவையிழந்து நிற்கிறாள். தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973இல் அவளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் தன் இயல்பு மாறாமலே முடிவின்றி வாழ்ந்தால், அந்த இயல்புக்கு நடக்கக்கூடியதெல்லாம் என்றோ நடந்து முடிந்திருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். இயல்பு மாறினாலோ, வாழ்கிறவர் அதே ஆள்தானா என்ற கேள்வி வந்துவிடும். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் கதை ஒன்றில் சாகாதவர்களில் ஒருவன் பள்ளத்தில் விழுந்து கிடக்கிறான், தாகத்தில் தவிக்கிறான். கயிறு போட எழுபது வருடம் ஆகிறது. அவசரம் என்ற ஒன்றே அங்கே இல்லாமல் போய்விட்டது.

எழுதுகிறவருக்குச் சிக்கல் என்னவென்றால், சலிப்பைச் சொன்னால் வாசகருக்கும் சலிக்கும். போர்ஹெஸ் தப்பிப்பது அந்தக் கயிற்றினால். இயக்குநர் ஜார்முஷின் 2013 படத்தில் ஆடம் என்ற காட்டேரி சலிப்பில் கிடக்கிறான், ஆனால் நாம் பார்ப்பது அவன் மரத்தாலான ஒரு துப்பாக்கித் தோட்டாவைச் செய்யச் சொல்லி வாங்குவதை. ஒரு பொருள், ஒரு செயல். சலிப்பு அவ்வளவு இடம்தான் தாங்கும், அதற்கு மேல் வளர்க்க வேண்டாம்.

மரகதம்:
ரத்தக்காட்டேரிக்குச் சலிப்பு ஒட்டாது என்றே நான் சொல்வேன். ஒவ்வொரு இரவும் பசிக்கிற ஆளுக்கு அவசரம் இருக்கிறது. மக்ரோபுலோஸுக்கு அது கிடையாது. பசி அவனைத் தெருவுக்குத் துரத்துகிறது, புதிய ஒரு முகத்தின் அருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. வாழ்வில் அவனுக்கு ஆர்வம் போனாலும் உடல் விடுவதில்லை. வில்லியம்ஸின் கேள்வியைக் கதைக்குள் கொண்டுவந்தால், வெறுத்தபடியே உண்கிற பைரனின் சாபத்தோடு சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும்.

செங்காந்தள்:
நம் பக்கத்திலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கும்போது வெளியே மட்டும் தேடுவானேன். புறநானூறு 91ஐ எடுத்துப் படியுங்கள். சாவை நீக்கும் நெல்லிக்கனி அதியமானுக்குக் கிடைக்கிறது. அதன் பயனை வெளியே சொல்லாமல் தன் மனத்துக்குள் வைத்துக்கொண்டு ஒளவைக்குக் கொடுத்துவிடுகிறான். பெறுகிறவருக்கே தெரியாமல் சாகாமை கொடுக்கப்படுகிறது. காட்டேரிக் கதையில் இன்னொருவரைக் காட்டேரியாக மாற்றுகிறவர் செய்வதும் இதே செயல்தான், திசை மட்டும் நேர்மாறு. அங்கே கொடுப்பவர் விலையை மறைக்கிறார், தன் தனிமைக்காகக் கொடுக்கிறார். அதியமான் நன்மையை மறைத்தான், தான் சாகிறவனாகவே இருந்தான்.

அவன் போரில் இறந்த பிறகு ஒளவை பாடிய 232ஐ இதன் பக்கத்தில் வையுங்கள். காலையும் மாலையும் இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்கிறார். கனியை உண்டவர் வாயிலிருந்து வரும் வரி. நடுகல்லுக்குச் சிறிய கலத்தில் கள் வைக்கிறார்களே, மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காத அவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார்.

235 அதைவிட நுட்பம். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான். எலும்போடு கூடிய ஊன் இருக்கும் இடமெல்லாம் எங்களுக்குத் தருவான். நரந்தம் மணக்கும் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான். இழந்தவனின் கை எப்படி மணந்தது, தன் தலை எப்படி நாறியது என்று சொல்கிறார். கள்ளின் அளவைச் சொல்கிறார். துயரத்தை அளந்து காட்டுவது இப்படித்தான். முந்நூறு வருட இழப்புகளைப் பட்டியல் போடாமல், ஒரே ஆளைப் பற்றி இப்படி நான்கு வரி எழுத முடிந்தால் போதும்.

தனிமைக்கு இன்னொரு மாதிரி அசுவத்தாமன். மகாபாரதத்தின் சௌப்திக பருவத்தில் கண்ணன் இடும் சாபம் மூவாயிரம் வருடம் அலைவது. துணை கிடையாது, பேச ஆள் கிடையாது, உடலில் சீழும் ரத்தமும் நாறும். இதைப் படித்துவிட்டு புறநானூற்றின் 182ஆம் பாட்டுக்கு வாருங்கள்: இந்திரர் அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று தனியே உண்ணாதவர்கள் இருப்பதால்தான் உலகம் இருக்கிறது. காட்டேரியின் சிக்கல் இதைவிடக் கூர்மையானது. அவன் அமிழ்தத்தைப் பகிரலாம். பகிர்ந்தால் இன்னொருவரைக் கெடுக்கிறான், பகிராவிட்டால் தனியே உண்கிறான். கதையின் திருப்பத்தை இந்தத் தேர்வில் வையுங்கள். அவன் யாரை மாற்றாமல் விட்டான் என்பது, யாரை மாற்றினான் என்பதைவிட அதிகம் வலிக்கும்.

எண்சுவடி:
பேச்சு மொழியையும் கவனியுங்கள். ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஸ்விஃப்ட் 1726இலேயே இதைப் பிடித்துவிட்டார். அவர் காட்டும் சாகாத மனிதர்களை 80 வயதில் சட்டம் இறந்தவர்களாக எண்ணி, சொத்தை வாரிசுகளுக்குக் கொடுத்துவிடும். 200 வருடம் போனால் நாட்டின் மொழியே மாறிப்போய், சொந்த ஊரில் யாரோடும் பேச முடியாத அந்நியர் ஆகிவிடுவார்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் பழைய ஆள் என்றதும் செந்தமிழ் வசனம் வைத்துவிடுகிறார்கள். 1720இல் யாரும் அப்படிப் பேசவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை ஓடுகிறது. அன்றைய நடைமுறைத் தமிழ் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி கிடைப்பது கடினம், இருபது பக்கம் படித்தாலே காது பழகிவிடும். ஆனால் அவனை எப்போதும் அப்படிப் பேசவைக்க வேண்டாம். 25 ஊரில் ஒளிந்து வாழ்ந்தவன் இன்றைய பேச்சைக் கச்சிதமாகப் பிடித்திருப்பான். தூக்கத்திலும் வலியிலும் கோபத்திலும் மட்டும் பழைய சொல் ஒன்று வெளியே வரட்டும். எதிரில் இருப்பவருக்கு அது புரியாமல் போகட்டும். மொத்தக் கதையில் மூன்று தடவை போதும்.

வைகறை:
ஒரு பத்தி மாதிரி காட்ட முடியுமா? "எத்தனை மரணங்கள்! காலத்தின் பாரம் என் நெஞ்சை அழுத்துகிறது" என்ற வகை வரியை இந்த விதிகள்படி எப்படி மாற்றுவது?

கார்த்திகை:
இப்படி முயலலாம்.

"ஊரைவிட்டுப் போனபோது பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. வாசலில் மூன்றாவது படிக்கல் ஆடும், அதில் கால் வைக்காதே என்று அவனிடம் சொல்லியிருந்தான். ஐம்பத்தெட்டு வருடம் கழித்து ஓர் இரவு அதே தெரு வழியாக வந்தான். படியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே போக எழுந்தவர், மூன்றாவது கல்லை மிதிக்காமல் தாண்டி ஏறினார். இவன் நடையை நிறுத்தவில்லை."

துயரம், பாரம், காலம் என்று எதையும் சொல்லவில்லை. இரண்டு எண்கள், ஒரு கல். கடைசி வரியில் 12 வருட விதி வேலை செய்கிறது, நின்றால் அடையாளம் தெரிந்துவிடும். முதல் டிராஃப்டில் பலர் செய்யும் தவறு, இதற்குக் கீழே "அவன் கண்கள் கலங்கின" என்று சேர்ப்பது. அதைச் சேர்த்தால் மேலே உள்ள ஆறு வரியும் வீண்.

நெடுவழி:
கடைசியாக ஒன்று, யாரும் தொடாதது. அவன் ஏன் இன்னும் சாகவில்லை? ஸ்டோக்கர் 1897இல் எழுதிய டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடப்பான், சக்திதான் குறையும். சூரிய ஒளி கொல்லும் என்ற விதி முர்னாவ் 1922இல் எடுத்த படத்திலிருந்து பரவியது. அந்த விதியை எடுத்துக்கொண்டால் தினமும் காலையில் ஒரு கதவு திறந்திருக்கிறது, வெளியே போனால் முடிந்தது. 300 வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விடியல்கள். அத்தனையிலும் அவன் உள்ளேயே இருக்கத் தீர்மானித்தவன். வாழ்வு வெறுத்துவிட்டது என்று அவன் சொன்னவுடனே வாசகர் மனத்தில் இந்தக் கேள்வி எழும்.

அதற்குக் கதை பதில் வைத்திருக்க வேண்டும், முதல் 6,000 வார்த்தைக்குள். பயம் என்றால் எதைக் கண்டு பயம்? கடமை என்றால் யாருக்கு? கொன்றவர்களை நினைவில் வைத்திருக்கும் கடைசி ஆள் தான்தான் என்று அவன் நம்பினால், அது வலுவான காரணம். பெயர்களை அவன் எழுதி வைத்திருக்கலாம். வாரம் ஒன்று என்ற கணக்கில் 15,600 வரிகள். பக்கத்துக்கு 30 வரி என்றால் 520 பக்கம், ஊர் மாறும் ஒவ்வொரு தடவையும் அவன் தூக்கிக்கொண்டு போக வேண்டிய ஒரே சுமை.

தாழை:
அந்த ஏட்டில் பெயர் தெரியாதவர்களுக்கு என்ன எழுதுவான் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். இருட்டில், அவசரத்தில் கொன்றவர்களில் பாதிப்பேரின் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்காது. இடமும் தேதியும், பார்த்த ஏதாவது ஓர் அடையாளமும் எழுதலாம்: இடது காதில் மட்டும் தோடு, புதிதாகத் தைத்த சட்டை. 1800க்கு முன்னால் ஓரிரு வார்த்தைகளாகவும், தங்கை மகள் இறந்த பிறகு நீண்ட வரிகளாகவும் பதிவுகள் மாறினால், அவனுக்குள் என்ன நடந்தது என்று தனியாக ஓர் அத்தியாயம் எழுத வேண்டியிருக்காது.